உச்சி வெயிலுக்கு ஏற்ற சிறிய கேமரா: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

வணிகர்களாகிய நமக்குப் பயணம் புதிதல்ல. கொள்முதலுக்கு ஈரோடு, சென்னை, சூரத் என்று போய் வருகிறோம். கோடை விடுமுறையில் குடும்பத்துடன் நாலு ஊர் பார்க்கிறோம். வெளியூர் உறவினர் வந்தால் மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்கும் அழைத்துப் போகிறோம். இவ்வளவுக்கும் பயன்படும்படி பையில் அடங்கும் கேமரா ஒன்று வேண்டும் என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. நல்ல சிறிய கேமராவின் விலை இன்று சாதாரணமானதல்ல. அவ்வளவு பணம் போட்டு வாங்கிய பொருள், திருச்சி வெயிலில் திரை தெரியவில்லை என்ற காரணத்தால் பீரோவில் கிடந்தால் அது முடங்கிய சரக்குதான். எனவே வெயிலை மனத்தில் வைத்துக் கேமராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இங்கே விளக்குகிறோம்.

செல்போன் போதாதா?

பலருக்குப் போதும் என்பதே நேர்மையான பதில். வெயிலில் வெளிச்சம் ஏராளம். அந்த வெளிச்சத்தில் இன்றைய செல்போன்கள் நல்ல படமே எடுக்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு மட்டும்தான் படம் என்றால் புதிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஆனால் மூன்று இடங்களில் செல்போன் பின்வாங்கும். முதலாவது, தொலைவில் உள்ள சிற்பத்தையோ கலசத்தையோ கிட்டத்தில் கொண்டுவரும் ஜூம். இரண்டாவது, வெயிலில் நிற்பவரின் முகத்து நிழலை விரட்டும் ஃபிளாஷ். மூன்றாவது, சூடு. வெயிலில் வெகுநேரம் பிடித்திருந்தால் பல செல்போன்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் திரையின் வெளிச்சத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். இந்த மூன்றில் ஒன்றாவது உங்களுக்குத் தேவைப்பட்டால் மேலே படியுங்கள்.

வெயில் கணக்கு

ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் மீட்டர் இல்லாமலே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பளிச்சென்று வெயில் அடிக்கும்போது லென்ஸின் துளை எண்ணை 16-இல் வைக்க வேண்டும். ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண் எதுவோ, ஒரு நொடியில் அத்தனையில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 125 என்றால் 1/125 நொடி. துளை எண் சிறிதாகச் சிறிதாகத் துளை அகலமாகும். அதற்கு ஏற்ப ஷட்டர் விரைவாக மூட வேண்டும். துளை எண் 8 என்றால் 1/500, 5.6 என்றால் 1/1000, 4 என்றால் 1/2000, 2.8 என்றால் 1/4000. இந்தக் கணக்கு இன்றைய டிஜிட்டல் கேமராவுக்கும் அப்படியே பொருந்தும்.

இதிலிருந்து வியாபாரிக்குப் பிடிபட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. துளை எண் 1.8 வரை திறக்கும் லென்ஸ் என்று சொல்லித்தான் பல கேமராக்களுக்குக் கூடுதல் விலை வைக்கிறார்கள். அந்த அகலத் துளை மாலை மங்கலுக்கும் மண்டபத்து இருட்டுக்கும் உதவும். உச்சி வெயிலில் அதைத் திறந்தால் ஏறக்குறைய 1/10000 நொடி வேகம் தேவைப்படும். பல சிறிய கேமராக்களின் இயந்திர ஷட்டரோ 1/2000-உடன் நின்றுவிடும். மின்னணு ஷட்டரோ, ‘என்.டி. ஃபில்ட்டர்’ என்னும் உள் கண்ணாடியோ இருந்தால்தான் சமாளிக்கலாம். கறுப்புக் கண்ணாடி அணிவது போல வெளிச்சத்தைக் குறைப்பதே அந்த ஃபில்ட்டரின் வேலை. பகல் பயணத்துக்கு மட்டும் வாங்குகிறவர் துளைக்குக் கொடுக்கும் காசை ஜூமுக்கும் வியூ ஃபைண்டருக்கும் கொடுப்பது லாபம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வெளிச்சம் அதிகம் என்று சிறிய கேமராவில் துளையை மிகவும் சுருக்கினால் படத்தின் கூர்மை குறையும். ஒளி சிறு துளை வழியே நுழையும்போது சிதறுவதே இதற்குக் காரணம். ஒரு அங்குல சென்சார் எனப்படும் வகைக்குத் துளை எண் 4 முதல் 5.6 வரை நல்ல இடம். அதைவிடச் சிறிய சென்சாருக்கு இன்னும் முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் வழி

வெயிலில் கேமராத் திரை கண்ணாடி போல நம் முகத்தையே காட்டும். சட்டத்துக்குள் என்ன விழுகிறது என்று தெரியாமல் குத்துமதிப்பாக அழுத்த வேண்டி வரும். இதற்கு மருந்து வியூ ஃபைண்டர். கண்ணை ஒட்டி வைத்துப் பார்ப்பதால் வெளி வெளிச்சம் உள்ளே வராது. கேமரா முகத்தில் ஊன்றி நிற்பதால் கை ஆட்டமும் குறையும். கண்ணாடி அணிகிற அன்பர்கள் கண்ணாடியோடு பார்த்து, நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று சோதிக்க வேண்டும்.

முகத்து நிழல், வெள்ளை வேட்டி

நண்பகல் வெயில் தலைக்கு மேலிருந்து விழும். கண்ணும் கழுத்தும் இருண்டு போகும். அப்போது ஃபிளாஷ் போட வேண்டும். பகலில் எதற்கு ஃபிளாஷ் என்று கேட்பவர்கள் ஒரு முறை போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சிறிய கேமராக்களில் பெரும்பாலும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், மிக வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும். லென்ஸ் மாற்றும் பெரிய கேமராக்களில் சாதாரணமாக 1/200 நொடியை ஒட்டியே இது நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தில் சிறியது பெரியதை வெல்கிறது.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். சட்டம் முழுவதும் வெள்ளைத் துணி என்றால் படம் மங்கும். வெளிச்ச ஈடு எண்ணைக் கூட்டல் பக்கம் நகர்த்த வேண்டும். இருண்ட மண்டபத்தின் முன் வெள்ளை வேட்டியுடன் ஒருவர் நின்றால் வேட்டி வெளிறிப் போகும். கழித்தல் பக்கம் நகர்த்த வேண்டும். வெளிறிய இடத்தைப் பின்னால் கம்ப்யூட்டரில் மீட்க முடியாது. இதற்கான திருகு கேமராவின் மேலேயே இருப்பது நல்லது. மெனுவுக்குள் ஒளிந்திருந்தால் வெயிலில் தேட முடியாது.

இந்தத் தொல்லை நம் ஊருக்குப் பழையது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்த திருச்சி, ஸ்ரீரங்கம் படங்கள் 1858-இல் தொகுப்புகளாக வெளிவந்தன. அக்காலத்து ரசாயனம் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்ததால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே அவர் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைக் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். பின்னாளில் நம் வீடுகளில் புழங்கிய ஆக்ஃபா கிளிக் கேமராவிலோ வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி, அவ்வளவுதான். இன்று நம் விரல் நுனியில் ஒரு திருகு இருக்கிறது.

ராஜகோபுரமும் சூரியனும்

கேமரா எதுவானாலும் சூரியன் நிற்கும் பக்கம் தெரிய வேண்டும். 1987-இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 13 நிலைகளுடன் 236 அடி உயர்ந்து தெற்கு நோக்கி நிற்கிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. ஆகையால் ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை சூரியன் நாள் முழுவதும் வடபாதியிலேயே செல்லும். அந்த நாட்களில் கோபுரத்தின் தென்முகத்தில் நேர் வெயில் படாது. எதிரே நின்று எடுத்தால் கோபுரம் இருண்டு, வானம் வெளுக்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே இருப்பதால் அதே முகம் ஒளி பெற்று நிற்கும். கோடையில் விருந்தினரை அழைத்துப் போகிறவர் கோபுரப் படத்துக்கு வெளிச்ச ஈட்டைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். அல்லது பக்கவாட்டில் நின்று எடுக்கலாம். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி உண்டா என்பதை முதலில் கேட்டறிவது நம் கடமை.

சரக்கைப் படம் எடுக்கும்போது

உறையூர்க் கைத்தறிச் சேலையை நேர் வெயிலில் விரித்துப் படம் எடுத்தால் ஜரிகை வெளிறும், நிறம் மாறும். அந்தப் படத்தை நம்பி வெளியூர்க்காரர் ஆர்டர் கொடுத்து, சேலை கைக்கு வந்ததும் ‘இது அந்த நிறம் இல்லை’ என்றால் சரக்கு திரும்பும், பெயரும் கெடும். கடை வாசலில் கூரை நிழலில், வானத்து வெளிச்சம் மட்டும் படும்படி விரிக்க வேண்டும். நிழலில் நீலம் தூக்கலாக இருக்கும். ஆகவே ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி வெண்மைச் சமநிலையை அமைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். இந்த வசதி உள்ள கேமராவா என்று கேட்டு வாங்குங்கள்.

சில மாடல்கள்

பெயர் சொல்வது விளம்பரத்துக்காக அல்ல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. 2019-இல் வந்த சோனி ஆர்.எக்ஸ். 100 ஏழாம் பதிப்பில் 24–200 மில்லிமீட்டருக்கு இணையான ஜூம், மேலெழும் வியூ ஃபைண்டர், ஃபிளாஷ் மூன்றும் உண்டு; எடை சுமார் 300 கிராம். அதே ஆண்டின் கேனான் ஜி 7 எக்ஸ் மார்க் 3-இல் அகலத் துளையும் என்.டி. ஃபில்ட்டரும் ஃபிளாஷும் உண்டு. வியூ ஃபைண்டர் இல்லை. ரிக்கோ ஜி.ஆர். 3 சட்டைப் பைக்குள் அடங்கும்; ஆனால் வியூ ஃபைண்டர், ஃபிளாஷ், ஜூம் எதுவும் இல்லை. 2024-இல் வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ் 100 ஆறாம் பதிப்பில் சிறந்த வியூ ஃபைண்டரும் என்.டி. ஃபில்ட்டரும் உண்டு, ஜூம் இல்லை, எடை அரைக் கிலோவுக்கு மேல். வெயிலும் பயணமும் மட்டும் கணக்கு என்றால் முதலில் சொன்ன வகையே பொருந்தும்.

பில்லும் சோதனையும்

கேமராவுக்குச் சரக்கு சேவை வரி 18 சதவீதம். தொழிலுக்காக வாங்குகிற பதிவு பெற்ற வணிகர் தம் ஜி.எஸ்.டி. எண்ணைப் பில்லில் போடச் சொன்னால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது; குடும்ப உல்லாசப் பயணத்துக்கு வாங்கினாலும் கிடையாது. வரவு எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானம் காட்டக் கூடாது. பில் இல்லாமல் சற்று விலை குறைத்துத் தருகிறேன் என்றால் உத்தரவாதம் போய்விடும். சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர் மூலம் வாங்குகிறவர்கள் சுங்க வரம்பையும், உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய கேமரா வாங்கினால், துளையைச் சுருக்கி வெறும் வானத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் அதைத் துடைப்பது செலவு பிடிக்கும் வேலை.

பெரும்பாலான கேமராக்களுக்கு 40 டிகிரி செல்சியஸ் வரையே இயங்கும் வரம்பு என்று கையேட்டில் போட்டிருக்கும். நம் மே மாதம் அதைத் தாண்டும். காரின் முன் தட்டில் கேமராவையும் பேட்டரியையும் வைத்துவிட்டு இறங்கக் கூடாது.

முடிவாக ஒன்று. துணி வாங்க வருகிறவர், கடை விளக்கில் பார்த்த சேலையை வாசலுக்கு எடுத்துப் போய் ஒரு முறை பார்த்த பிறகே பணம் கொடுக்கிறார். நாமும் தடுப்பதில்லை. கேமரா வாங்கும்போது நாமும் அப்படியே செய்வோம். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போய், கேமராவை வாசலுக்கு வாங்கி வந்து, வெயிலில் நின்று பார்த்து, நான்கு படம் எடுத்த பிறகே பில் போடச் சொல்வோம்.