பாதயாத்திரை போன பையன் எப்போ தொண்டனாகிறான்?

தைப்பூசமும் மாசித் திருவிழாவும் நெருங்கினா, எங்க புதியம்புத்தூர்ப் பக்கத்துச் சாலைகளில் பச்சை வேட்டிக் கூட்டம் திருச்செந்தூரை நோக்கி நடக்கும். எங்க ஊர் ரெடிமேட் துணி தைக்கிற ஊர். மத்த நாளெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பையன்களும் மாலை போட்டுக் கிளம்பிடுவாங்க. தூத்துக்குடிக்குப் போன பிறகும் இன்னும் சுமார் 40 கிலோமீட்டர் இருக்கு. கால் கொப்பளிக்கும். வழியில் முன்பின் தெரியாத ஒருத்தர் மோர் கொடுப்பார், இன்னொருத்தர் சோறு போடுவார்.

இப்படிப் போய்வந்த பையன்களில் சிலர், பிறகு தாங்களே தண்ணீர்ப் பந்தல் போடுறாங்க, ரத்த தானத்துக்கு ஆள் சேர்க்கிறாங்க. பலர் மாலையைக் கழற்றியதோட சரி. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருது? பக்தி கூடக் குறைய இருக்கிறதால் மட்டும் வருதுன்னு எனக்குத் தோணல. நம்ம தெக்குச் சீமையிலேயே முடிந்த ஒரு பழைய யாத்திரையைப் பார்த்தா இது கொஞ்சம் விளங்கும்.

1890 ஜூலையில் கல்கத்தா பக்கத்து மடத்தை விட்டு ஒரு இளம் துறவி கிளம்பினார். பிறந்தது 1863. நாம விவேகானந்தர் என்று அறிந்தவர்தான். அப்போ அவரை வெளியுலகத்துக்குத் தெரியாது. இரண்டரை வருஷம் வடக்கும் மேற்கும் சுற்றி, 1892 டிசம்பரில் கன்னியாகுமரி வந்து சேர்ந்தபோது அவருக்கு வயசு 29. அரண்மனையிலும் தங்கினார், குடிசையிலும் தங்கினார். எங்கே போனாலும் அடுத்தவர் கொடுத்தால்தான் சாப்பாடு. பசி என்பது அவருக்குப் புத்தகச் சேதி இல்லை.

கடைசிப் பாறையில் உட்கார்ந்து என்ன யோசித்தார் என்பதை, 1894 மார்ச் 19 அன்று சிகாகோவிலிருந்து சகோதரத் துறவி ராமகிருஷ்ணானந்தருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். எனக்கு இதில் பிடித்தது, அவர் மோட்சத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு வேலைத் திட்டத்தைப் பற்றிப் பேசுவது. ஏழைப் பிள்ளை வயிற்றுப்பாட்டை விட்டுப் பள்ளிக்கூடம் வர முடியாது. அதனால் படிப்புதான் அவனைத் தேடிப் போகணும். துறவிகள் கிராமம் கிராமமாகப் போய், வரைபடம், கேமரா, உலக உருண்டை எல்லாம் வைத்து வாய்மொழியாகச் சொல்லிக் கொடுக்கணும். வெறும் வயிற்றுக்காரனிடம் வேதாந்தம் பேசிப் பயனில்லை என்ற குருவின் கருத்தையும் சேர்த்துக்கொள்கிறார்.

அந்தத் திட்டமும் உடனே நடந்துவிடவில்லை. ராமகிருஷ்ண மிஷன் தொடங்கியது 1897 மே 1-ல். அதே மாதம் அகண்டானந்தர் முர்ஷிதாபாத் பக்கம் பஞ்ச நிவாரணத்தில் இறங்கினார். அவரும் இளவயசில் இமயமலை, திபெத் என்று யாத்திரையாகச் சுற்றியவர்தான்!

பிற்காலத்தில் ஏக்நாத் ரானடேயும் இதையே புரிந்துகொண்டார். 1970-ல் பாறை நினைவகம் திறந்தாச்சு. கல்லோட நிற்காமல், 1972 ஜனவரியில் விவேகானந்த கேந்திரத்தைத் தொடங்கினார். படித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, முழுநேரத் தொண்டர்களாக வெளியே அனுப்பும் அமைப்பு அது. அருணாசலப் பிரதேசத்தில் அவர்கள் நடத்தும் பள்ளிகள் அப்படி வந்தவைதான்.

ஆக, எனக்குப் புரிந்த வரைக்கும் யாத்திரை ஒருத்தனை முதலில் வாங்குகிற இடத்தில் நிறுத்துது. ஊரில் சம்பளம் வாங்கி, நாலு பேருக்குச் செலவு பண்ணுகிறவன், ரோட்டோரத்தில் ஒரு தம்ளர் மோருக்குக் கை நீட்டுறான். அந்தக் கடன் மனசில் நிற்கும். ஆனா மனசில் நின்றால் மட்டும் போதாது. ‘எங்க தெருவில் யாருக்கு, எந்தக் கிழமை, என்ன செய்யப்போறோம்?’ என்ற கணக்கு வேணும். அது இல்லாட்டி, கால் கொப்பளம் ஆறும்போது கடனும் மறந்துபோகும்.

உங்க ஊரிலும் நடந்துவிட்டு வந்த பையன்கள் இருப்பாங்க. களைப்பு ஆறும் முன்னாடி, பத்துப் பேரை உட்கார வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர ஒரே ஒருத்தன் ஒத்துக்கிட்டாலும், அந்த யாத்திரை இன்னும் முடியலைன்னு அர்த்தம்.