பதினான்கு ஆண்டு அனுபவமும் இரண்டாயிரம் மணி நேரமும்

ஆரணியில் பட்டுத் தறியில் அமர்பவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. சேலையை விரித்துப் பார்த்து, கரையையும் முந்தியையும் தடவி, கூலியைப் பேசுகிறார்கள். அதே ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை அரங்கில் பதினான்கு ஆண்டுகள் பணிபுரிந்த பெண்மணி ஒருவர் சென்ற ஆண்டு என்னைச் சந்திக்க வந்தார். துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தவர். தரை துடைத்தவரை ஆட்கள் போதாத ஒரு நாளில் கருவிகளைக் கழுவச் சொன்னார்கள். பிறகு ஆட்டோகிளேவ் இயக்கவும், அதன் பிறகு கையுறை அணிந்து மேசையருகே நிற்கவும் சொன்னார்கள். மருத்துவர் கையை நீட்டும் முன்பே எந்தக் கருவி வேண்டும் என்பதை அறிந்து எடுத்துத் தருபவராக அவர் வளர்ந்தார். இப்போது சட்டம் மாறிவிட்டது, சான்றிதழ் இல்லாதவரை அரங்கிற்குள் வைத்திருக்க முடியாது என்று கூறி, நிர்வாகம் அவரை மீண்டும் துடைப்பத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறது. சம்பளப் பதிவேட்டில் அவருடைய பதவி ஒருநாளும் மாறியதில்லை.

நிர்வாகம் சுட்டிய சட்டம், 2021ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம். அறுவை அரங்கத் தொழில்நுட்பர், மயக்கவியல் தொழில்நுட்பர் உள்ளிட்ட பல பணிகளை முதன்முறையாக ஒரே பட்டியலில் கொண்டுவந்து, பதிவேட்டில் பெயர் உள்ளவர்களே பணிபுரியலாம் என்று அது வகுக்கிறது. துணைநிலைத் தொழில்முறையாளர் என்பதற்கு அது தரும் வரையறை, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவிய, 2,000 மணி நேரத்திற்குக் குறையாத பட்டயம் அல்லது பட்டத்தைக் கோருகிறது. மாநிலங்கள் நடைமுறைப்படுத்தத் தாமதித்ததால் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தலையிட்டுக் கெடு விதித்தது.

இச்சட்டம் தேவையற்றது என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு முந்நூறு நாள், பதினான்கு ஆண்டுகள்: 33,600 மணி நேரம். இதில் ஒரு மணி நேரம்கூட அந்த 2,000 என்ற எண்ணிக்கைக்குள் தானாக நுழைவதில்லை.

மருத்துவமனைகளில் துப்புரவுப் பணிக்கு யார் சேர்க்கப்படுகிறார்கள் என்பதை இக்கட்டுரையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள் திறமையால் மேலேறியிருக்கிறார்கள். பதிவேடு மட்டும் அவர்களை வந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. செய்த வேலை ஒன்று, எழுதப்பட்ட வேலை வேறொன்று. மருத்துவ வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணம் விவியன் தாமஸ். அமெரிக்கக் கறுப்பினத்தவரான இவர் தச்சு வேலை அறிந்தவர். வங்கி வீழ்ச்சியில் சேமிப்பை இழந்ததால் கல்லூரிக் கனவைக் கைவிட்டவர். 1930இல் மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக்கின் ஆய்வகத்தில் சேர்ந்து, ஆய்வுப் பணியைச் செய்துகொண்டே துப்புரவுப் பணியாளருக்குரிய பதவிப் பெயரிலும் ஊதியத்திலும் வைக்கப்பட்டிருந்தார். நீல நோயுடன் பிறந்த குழந்தைகளுக்கான இதய அறுவை 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முறை நடந்தபோது, பிளாலாக்கின் பின்னால் முக்காலியில் நின்று ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொடுத்தவர் அவரே. அந்த நிறுவனம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது 1976இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்!

அப்படியானால் அனுபவமுள்ள அனைவருக்கும் அப்படியே பதிவு கொடுத்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. நம் இயக்கத் தோழர்கள் சிலர் இதில் என்னோடு உடன்படுவதில்லை. அறுவைக்குப் பின் பஞ்சும் ஊசியும் கருவியும் எண்ணிச் சரிபார்க்கப்பட வேண்டும் என்பது 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலின் ஒரு பகுதி. அந்த எண்ணிக்கை தவறினால் வயிற்றில் பஞ்சு தங்கிச் சீழ் பிடிப்பது நோயாளிக்கு. மலிவான சிறு மருத்துவமனைகளை நாடும் அந்த நோயாளியும் பெரும்பாலும் நம்மவரே. ஆகவே நாம் கேட்க வேண்டியது அனுபவத்தை அளந்து, குறைவதை மட்டும் கற்பித்து, தேர்வு வைத்துப் பதிவளிக்கும் விரைவுப் பயிற்சி.

இதில் புதுமை ஒன்றுமில்லை. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் முதல் பதிவேட்டைத் தயாரித்தபோது, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்து ஆண்டுகள் மருந்து கலந்து கொடுத்தவர்களுக்குப் பிரிவு 31 இடமளித்தது. எங்கள் தொழிலிலும் இதுவே நடந்தது. 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டம் வந்தபோது, அதுவரை வாதாடி வந்த பிளீடர்களையும் முக்தியார்களையும் பிரிவு 55 காப்பாற்றியது. கறுப்பு அங்கி அணிந்தவர்களுக்குக் கிடைத்த சலுகையைப் பச்சை அங்கி அணிந்தவர்கள் கேட்டால் மட்டும் தரம் தாழ்ந்துவிடும் என்பது விசித்திரமான வாதம்.

ஒன்றிய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற பிரிவு ஏற்கெனவே இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. சிறிய அறிமுக வகுப்பு, மதிப்பீடு, பிறகு சான்றிதழ். ஆனால் அது திறன் சான்றிதழ். 2021ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் பட்டயம் அல்ல. இரண்டுக்கும் நடுவே பாலம் வேண்டும். பணி அனுபவத்தையும் கல்வி மதிப்பெண் அலகுகளாக மாற்றலாம் என்று 2023இல் வெளியான தேசிய அலகுக் கட்டமைப்பு ஏற்றுக்கொள்கிறது. மாநில மன்றம் பதிவு விதிகளை வகுக்கும்போது இந்தக் கொள்கையை அறுவை அரங்கப் பணிக்குப் பொருத்தச் சொல்லிக் கேட்பதே இப்போது செய்ய வேண்டிய வேலை.

பயிற்சி எப்படி அமைய வேண்டும் என்பதும் முக்கியம். கருவிகளின் பெயரை அந்தப் பெண்மணிக்குக் கற்றுத் தருவது வீண். ஆட்டோகிளேவில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்த வெப்பத்தில் எந்த நுண்ணுயிர் சாகிறது, எது தப்பிக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. உடற்கூறியல், நுண்ணுயிரியல், மருந்துகளின் அளவு, மின்கருவிப் பாதுகாப்பு ஆகியவற்றைத் தமிழில், பணி நேரத்திற்குப் பின் கற்பித்தால் போதும். செயல்முறைப் பயிற்சியை வேலூர், திருவண்ணாமலை போன்ற அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிகளில் நடத்தலாம். விடுப்பு நாட்களில் இழக்கும் கூலியை ஈடுசெய்யாத பயிற்சி, வசதியுள்ளவருக்கான பயிற்சியாகவே முடியும். அதற்கான நிதியைக் கேட்க, 2024ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் நம் கையில் இருக்கிறது. வயது வரம்பு வைத்து நாற்பது வயதுக்காரரை வெளியே நிறுத்தாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய முட்டுக்கட்டை வேறிடத்தில் இருக்கிறது. அனுபவச் சான்று கேட்டால் மருத்துவமனை தராது. தந்தால், தகுதியற்றவர் என்று இன்று தான் சொல்பவரைப் பதினான்கு ஆண்டுகள் அறுவை மேசையருகே நிறுத்தியதாக ஒப்புக்கொண்டதாகும். எனவே முதலாளியின் கடிதத்தை மட்டுமே ஆதாரமாகக் கொள்ளும் எந்த விதியும் நம்மவரை வெளியேற்றும் விதியே. வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பதிவுகள், வங்கிக் கணக்கில் வந்த சம்பளம், சக பணியாளர், மருத்துவர் ஆகியோரின் உறுதிமொழி ஆவணம் ஆகியவற்றை மாற்று ஆதாரங்களாக ஏற்க வேண்டும். எல்லாவற்றையும்விட வலுவானது அரங்கப் பதிவேடு. பல மருத்துவமனைகளில் ஒவ்வோர் அறுவைக்கும் எதிரே உதவியவர் பெயரும் எழுதப்படுகிறது.

அந்தப் பெண்மணியிடம் இதைக் கேட்டேன். பெயர் எழுதுவார்கள் என்றார். பல நாட்கள் அந்தப் பதிவேட்டை எழுதியதே தாம்தான் என்றும் சொன்னார். பதிவேட்டைப் பாதுகாக்கவும் அதன் நகலைத் தரவும் கோரி நிர்வாகத்திற்குச் சட்ட அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம்.