பழைய மர எண்ணெய் உதவுமா?

பாடியில் வீடு கட்டுவோர் வாசற்கதவுக்குப் பூசியதுபோக மீந்த எண்ணெயை டப்பாவோடு பரணில் ஏற்றிவிடுவது வழக்கம். எங்கள் பள்ளிச் சாமான் அறையிலும் அப்படி மூன்று டப்பாக்கள் இருந்தன. டிசம்பர் 8, அமலோற்பவ அன்னை திருநாளுக்கு முன் வெளிறிப்போன சிற்றாலய பெஞ்சுகளுக்கு அவற்றைப் பூசலாமா என்ற கேள்வி எழுந்தது. பூசி, காயாமற் போனால் திருநாளன்று அத்தனை பேர் உடையும் பாழ்!

ஆளிவிதை எண்ணெய், அதாவது கடைக்காரர் சொல்லும் லின்சீட் ஆயில், தண்ணீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு கெட்டிப்பட்டுத் தோலாகிறது. இத்தன்மையை அயோடின் எண்ணைக்கொண்டு அறியலாம். ஆளிவிதை எண்ணெய்க்கு அது சுமார் 170-க்கு மேல். தேங்காயெண்ணெய்க்கோ ஏறக்குறைய 10 தான். தேங்காயெண்ணெய் தடவிய நாற்காலி என்றைக்கும் பிசுபிசுத்துத் தூசி பிடிப்பதும், சிக்கு வாடை வீசுவதும் இதனால்தான்.

ஆகவே டப்பாவில் ஆடைபோல் தோல் படிந்திருப்பது எண்ணெய் கெட்டதன் அடையாளமன்று. உலரும் சக்தி உள்ளதன் அடையாளம். தோலை எடுத்துவிட்டு அடியிலிருப்பதை வடிகட்டினால் போதும். நிறம் கறுத்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். பாகுபோல் இழைந்தால் மட்டும் விட்டுவிட வேண்டும். அது மரத்துக்குள் இறங்காது.

ஐயம் தீர, கண்ணாடித் துண்டில் மெல்லியதாகப் பூசிப் பார்ப்பதே வழி. காய்ச்சியது என்று விற்கும் எண்ணெயில் உலர்த்தும் உலோக உப்புகள் உண்டு. சுமார் ஒரு நாளில் காயும். பச்சை எண்ணெய்க்குப் பல நாள் ஆகும். மழைக்காலமானால் இன்னும் அதிகம்.

அரக்கு பாலிஷ் வேறு விதம். ஸ்பிரிட்டில் கரைந்து நெடுநாள் நின்றால் அரக்கின் குணமே மாறிவிடும். பார்வைக்குப் புதிதுதான், பூசினால் காயாது. எங்கள் இரண்டாவது டப்பா அந்த வகை. மறுநாளும் கண்ணாடியில் விரல் ரேகை பதிந்தது. மூன்றாவதில் பெயர்ச்சீட்டே இல்லை, அதைத் தொடவில்லை. முதல் டப்பாவின் ஆளிவிதை எண்ணெய் தேறியது.

எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகும். கசக்கி எறிந்த துணியில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படித்தான் எரிந்தது. தீயணைப்போர் மூவர் மாண்டனர். எனவே பூசிய துணிகளை வெளியே கொடியில் தனித்தனியே விரித்துப் போட்டோம். அவை அட்டைபோல் விறைத்த பின்னரே குப்பையில் சேர்த்தோம்.