ரோத்தான் சொல்லித் தந்த பாடம்

ரோத்தான் என்றதும் நம்மில் பலருக்கு ஆசிரியரின் மேசைதான் நினைவுக்கு வரும். கடந்த பல்கலைக்கழக விடுமுறைக்குப் பிறகு எனக்கு ஒரு நாற்காலி நினைவுக்கு வருகிறது.

கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு அருகே தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீடு. தாத்தா இளவயதில் துரை பங்களாவில் வேலை செய்தவர். பங்களாவுக்குப் புதுச் சாமான்கள் வந்தபோது, கழித்துப் போட்ட நாற்காலி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதன் பிரம்பு இருக்கை கிழிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அப்பா அதைத் தூக்கிப் போடச் சொன்னார். நான் தடுத்தேன். பலகை அடித்து, ஸ்பாஞ்சு வைத்து, துணி போர்த்தினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

"நம்ம ஊரு ஈரத்துக்கு ஸ்பாஞ்சுல பூசணம் புடிக்கும்மா. பிரம்புன்னா காத்து போகும்" என்றார் தாத்தா.

தாத்தாவின் விரல்கள் இப்போது மடங்குவதில்லை. அவர் சொல்ல, நான் பின்ன வேண்டும் என்று முடிவானது.

ரோத்தான், காட்டு மரங்களைப் பற்றி ஏறும் பனைக் குடும்பத்துக் கொடி. ஆங்கிலத்தின் 'ரட்டான்' என்ற சொல்லே மலாய் மொழியிலிருந்து போனதுதான். ஆசியாவின் பிரம்பு 17ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பிய நாற்காலிகளுக்கு இருக்கையானது. 1859இல் மிக்கேல் தோனெட் உருவாக்கிய புகழ்பெற்ற 14ஆம் எண் நாற்காலிக்கும் பிரம்பு இருக்கைதான். 1929இல் ரஸ்ஸல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், பிரம்பு நாற்காலி துரைமார் வீடுகளில் சாதாரணப் பொருள்.

ஈப்போவில் வாங்கிய மெல்லிய பிரம்பு நாரைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்தேன். ஊறாத நார் வளைத்தால் முறியும். பளபளப்பான பக்கம் மேலே இருக்க வேண்டும். சட்டத்தின் துளைகள் வழியே முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக, மீண்டும் நெடுக்காக, மீண்டும் குறுக்காக. கடைசியில் இரண்டு மூலைவாட்டு வரிசைகள். முதல் மூலைவாட்டு நார் நெடுக்கு நார்களுக்கு மேலும் குறுக்கு நார்களுக்குக் கீழும் போகும். இரண்டாவது அதற்கு நேர்மாறு. நான் மாற்றிப் போட்டேன். நார்கள் ஒன்றோடொன்று சிக்கி உரசின. அன்றைய வேலை முழுவதையும் பிரித்தேன்.

அதற்கு முன்பே ஒன்று நடந்தது. பழைய பின்னலை அறுத்தெடுக்கும்போது ஒரு மூலையில் மட்டும் நார் தடிப்பாக, முடிச்சு வேறு விதமாக இருந்தது.

"அது நான் போட்டது. பாட்டியோட கொழுந்துக் கூடையைச் செப்பனிட்டப்ப மிஞ்சின நாரு" என்றார் தாத்தா.

துரை நாற்காலியும் பாட்டி முதுகில் சுமந்த கூடையும் ஒரே ரோத்தான்! அந்த முடிச்சை மட்டும் விட்டுவைக்கலாமா என்று கேட்டேன். "அறு. இத்துப்போன நாரு புதுசையும் கெடுத்துடும்" என்றார். அறுத்தேன். ஆனால் அதே முடிச்சை எப்படிப் போடுவது என்று கேட்டுக் கற்றுக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் தேடியிருந்தால் அது கிடைத்திருக்காது.

ஆறாம் நாள் பின்னல் காய்ந்து இறுகியது. "பங்களாவுல இதுல உக்காந்திருக்கீங்களா, தாத்தா?" என்றேன்.

"துரை நாற்காலியில நாம எங்க உக்கார்றது?"

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று உட்கார்ந்தார். "முன்பக்கம் கொஞ்சம் தளர்வா இருக்கு" என்று குறை சொன்னார். ஆனால் தேநீர் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய நாற்காலி இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். யார் போட்ட முடிச்சு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சொல்லித்தர அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.