கடன் அட்டையும் குடும்பக் கணக்கும்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமைதோறும் அங்குக் கூடும் ஆட்டுச் சந்தை சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. பண்டிகைக் காலத்தில் விற்பனை பெருகும். பின்னர்ச் சில மாதங்கள் மந்தமாயிருக்கும். மலைமேலுள்ள ஊர்களிலோ சாமை அறுப்பது ஒரு பருவம், புளி உலுக்குவது மற்றொரு பருவம். ஆகவே இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றின் வருவாய் மாதந்தோறும் ஒரே அளவாக வருவதன்று. கடன் அட்டையின் பட்டியலோ மாதந்தவறாமல் வந்து நிற்கும். அட்டை வாங்க எண்ணுவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது இந்த முரண்பாடே.

1950இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உணவு விடுதிச் செலவுக்கென ஏற்பட்ட அட்டை முறை, 1980இல் சென்ட்ரல் பாங்க் வாயிலாக நம் நாட்டு வங்கித் துறையில் புகுந்தது. நெடுங்காலம் அது நகரத்து உத்தியோகஸ்தர்களின் சாதனமாகவே இருந்தது. 2022இல் ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ. முறையுடன் இணைக்க இடமளிக்கப்பட்டபின், மளிகைக் கடையில் ஒட்டியுள்ள கியூ.ஆர். குறியீட்டைக் கைபேசியால் காட்டியே கடனுக்குச் சாமான் வாங்க முடிகிறது. எனினும் இவ்வசதி வணிகர்களின் குறியீட்டுக்கு மட்டுமே உரியது. ஆடு விற்கும் தனிமனிதரின் கணக்குக்கு இவ்வாறு பணம் அனுப்ப இயலாது.

செலவு செய்வோருக்கு வங்கி ஏன் வெகுமதிப் புள்ளிகள் தரவேண்டும் என்ற ஐயம் எழுவது நியாயமே. அட்டை விற்பனைகளில் கடைக்காரரிடம் பெறும் கட்டணம், தவணை தவறுவோர் செலுத்தும் வட்டி, ஆண்டுக் கட்டணம் ஆகியவற்றிலிருந்தே அதற்கான தொகை கிடைக்கிறது. இனாமாக எதுவும் வருவதில்லை.

ஆதலின், விளம்பரத்தைப் பார்க்குமுன் மூன்று மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தல் வேண்டும். மளிகை, பெட்ரோல், மருந்து, தீவனம், உரம் எனத் தனித்தனியே பிரித்து, ரொக்கமாக மட்டுமே கொடுக்கக்கூடியவற்றை நீக்கிவிட வேண்டும். சந்தைச் செலவும் கூலியும் பெரும்பாலும் அவ்வாறே போய்விடும். பெட்ரோலுக்குப் பல அட்டைகளில் புள்ளிகளே கிடையா. விமான நிலைய ஓய்வறை, திரையரங்கச் சலுகை முதலியன ஒடுகத்தூர்க் குடும்பத்திற்கு எத்தனை முறை பயன்படும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம் காண்போம். மேற்சொன்னவாறு கழித்தபின் அட்டை மூலம் செலவிடத்தக்கது மாதம் 6,000 ரூபாய் என்க. முதல் அட்டை நூற்றுக்கு 1 ரூபாய் வெகுமதி தருகிறது; ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், 18 சதவீத வரியுடன் 590. ஆண்டு வெகுமதி 720 ரூபாயில் இதைக் கழித்தால் எஞ்சுவது 130. இரண்டாம் அட்டை அரை ரூபாயே தருகிறது, கட்டணம் இல்லை. ஆண்டுக்கு 360 ரூபாய் முழுமையாகக் கிடைக்கும். மாதச் செலவு ஏறத்தாழ 9,800 ரூபாயைத் தாண்டினாலன்றி முதல் அட்டை இலாபமாகாது. குறிப்பிட்ட தொகை செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்பார்கள். அத்தொகையை எட்டுவதற்காகவே வேண்டாத பொருளை வாங்குவோரும் உண்டு!

இனி வட்டி. பட்டியல் தொகையை முழுவதும் கட்டாவிடில், பொருள் வாங்கிய நாள் முதலே வட்டி கணக்கிடப்படும். மாதத்திற்கு மூன்றரை சதவீதம் என்று கொண்டால், கிராமத்து வழக்கில் அது ‘மூன்றரை வட்டி’. கந்து வட்டிக்குச் சற்றே தூரத்து உறவு. 6,000 ரூபாய் ஒரு மாதம் நிலுவை நின்றால் வட்டி 210, வரியுடன் ஏறக்குறைய 248 ரூபாய். தாமதக் கட்டணம் தனி. இரண்டாம் அட்டை எட்டு மாதங்களில் ஈட்டித் தரும் வெகுமதி இதிலேயே கரைந்துவிடும். ‘குறைந்தபட்சத் தொகை’ கட்டினால் தாமதக் கட்டணம் நீங்குமேயன்றி வட்டி நீங்காது. அட்டையால் ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தாலோ, அன்றே வட்டி தொடங்கிவிடும்.

எனவே பருவ வருவாயையே நம்பியுள்ளோர் விதைக்கும் உரத்திற்கும் இவ்வட்டையை நாடுதல் தகாது. அதற்கென 1998இல் ஏற்பட்டதே கிசான் கடன் அட்டை. பயிர்க்கடன் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. குறித்த காலத்தில் திருப்பிச் செலுத்தினால் 4 சதவீதமே. அறுவடையை ஒட்டித் தவணை அமைவது இதன் தனிச் சிறப்பு. 2019 முதல் ஆடு, மாடு வளர்ப்போருக்கும் இது விரிவாக்கப்பட்டுள்ளது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் தவணை தவறாதோர்க்குப் பயிர்க்கடன் வட்டியின்றியே கிடைக்கிறது. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியர், செவிலியர், பால் பணம் ஒழுங்காக வரும் குடும்பத்தினர் ஆகியோருக்கு வெகுமதி அட்டை ஓரளவு அனுகூலமாகலாம்.

கேளாமல் அட்டை அனுப்புவதை ரிசர்வ் வங்கி தடைசெய்துள்ளது. வாங்கிய அட்டை வேண்டாமெனில் நிலுவையைத் தீர்த்து விண்ணப்பிக்கலாம். 7 வேலை நாட்களுக்குள் கணக்கை மூடாத வங்கி, அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு விதி. விண்ணப்பித்த தேதிக்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்க.