பழைய ராக், ப்ளூஸ் ஒலி வேணுமா? கிடார் பிக்கப் வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

பெருங்கடவிளையில் உட்கார்ந்து ஆன்லைனில் பிக்கப் வாங்கினால், காதால் கேட்டுப் பார்க்க வழியில்லை. கண்ணில் படும் ‘கிலோ ஓம்’ எண்ணைத்தான் நம்புகிறோம். எண் பெருசுன்னா ஒலியும் நல்லா இருக்குமா?

இல்லை. 1957-ல் கிப்சன் கிடார்களில் வந்த ‘பிஏஎஃப்’ பிக்கப்களே பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓம்தான். கம்பிச் சுற்று கூடினால் சத்தம் கூடும், ட்ரெபிள் மங்கும்.

வேறு எதைப் பார்க்கணும்?

காந்தம்: அல்னிகோ 2 மென்மையாக ஒலிக்கும், அல்னிகோ 5 கூர்மையாக.

வகை: சிங்கிள் காயில் பளிச்சென்று இருக்கும். ஆனால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் இழுக்கும். இரட்டைக் காயில் ‘ஹம்பக்கர்’ அதை அடக்கும்.

காசு செலவழிக்கும் முன், இருக்கும் பிக்கப்பை ஸ்க்ரூவில் கொஞ்சம் இறக்கிப் பாருங்க. பல நேரம் அதுவே போதும்.