சின்னக் கார், செங்குத்துப் பாதை

பசறை வீதியிலிருந்து பிரிந்து மேலே ஏறும் ஒரு தோட்டப் பாதை. மூன்றாவது வளைவில் மச்சானின் புதுக் கார் நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர், பின்னால் அரிசி மூட்டை ஒன்று, சந்தைச் சாமான் இரண்டு பை. எஞ்சின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. கிளச் கருகும் வாடை மூக்கைத் துளைத்தது.

"மாமா, நீங்களும் சித்தியும் கொஞ்சம் இறங்குங்க. வளைவு தாண்டினதும் ஏத்திக்கிறேன்."

நானும் சேர்ந்து இறங்கினேன். மூன்று பேரும் தேயிலை மலை ஓரமாக நடந்து போய், மேலே சமதரையில் காத்திருந்த காரில் ஏறினோம். கார் வாங்கி அன்று பன்னிரண்டாம் நாள். அதற்காகப் போட்ட லீசிங் ஐந்து வருடம்.

அந்தக் காரில் ஒரு பழுதும் இல்லை. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ அது நன்றாகவே ஓடும். விளம்பரத் தாளில் போட்டிருந்த கிலோமீட்டர் கணக்கும், கம்பனியில் சொன்ன வட்டிக் கணக்கும் பதுளை மலையில் எப்படி மாறும் என்று முன்கூட்டியே பார்க்காததுதான் குறை. இரண்டையும் வீட்டிலேயே, ஒரு கொப்பித் தாளில் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கும் விஞ்ஞானமும் போதும்.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 இல்தான் திரும்பத் திறந்தது. இடையில் 2022 வந்துபோனது. அந்த ஜூன் மாதம் பெற்றோல் லீட்டர் 470 ரூபாவைத் தொட்டது, பிறகு கியூ.ஆர். அட்டைக்குக் கிழமைக்கு இத்தனை லீட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த வரிசையில் நின்றவர்கள் கார் பார்க்கப் போனால் முதலில் கேட்பது "லீட்டருக்கு எத்தனை ஓடும்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில் நம் ஊருக்குப் பொருந்துவதில்லை.

அந்த எண், சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி ஓட்டி எடுப்பது. மேடு பள்ளம் அதில் கிடையாது. சோதனை முறையை மாற்றினாலே எண் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஜப்பானில் பழைய ஜேசி08 முறையில் வேகன் ஆர் ஹைபிரிட்டுக்குச் சொன்னது லீட்டருக்கு 33 கிலோமீட்டருக்கு மேல். புதிய டபிள்யூ.எல்.டி.சி. முறையில் அதே பெயருள்ள கார் சுமார் 25இல் நிற்கிறது. இத்தனைக்கும் இரண்டுமே சமதரைச் சோதனை.

இப்போது நம் மலையைக் கணக்கில் சேர்ப்போம். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரம். அப்புத்தளை 1,430. இடையே வீதி ஏறத்தாழ 40 கிலோமீட்டர், ஏற்றம் 750 மீட்டர். காரின் எடை 750 கிலோ, நாலு பேரும் சாமானும் 300 கிலோ என்று வைத்தால், 1,050 கிலோவை 750 மீட்டர் தூக்க 77 இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லீட்டர் பெற்றோலில் சுமார் 340 இலட்சம் ஜூல் இருக்கிறது. அதில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மிச்சம் ரேடியேட்டரிலும் புகைக் குழாயிலும் வெப்பமாகக் கழியும். ஆகவே தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ ஒரு லீட்டர். சமதரையில் 20 கிலோமீட்டர் ஓடும் கார் 40 கிலோமீட்டருக்கு 2 லீட்டர் குடிக்கும் என்றால், அப்புத்தளைக்கு ஏறும்போது 3 லீட்டர். லீட்டருக்கு 13 கிலோமீட்டர்தான் மிஞ்சும்.

இதில் பெரிய பங்கு எடைக்கு. காற்றைக் கிழித்து ஓடும் வடிவம் அதிவேக வீதியில் காசைக் காப்பாற்றும். நம் வளைவுகளில் முப்பது நாற்பதுக்கு மேல் போகாத காருக்கு அதனால் லாபம் சொற்பம். நூறு கிலோ குறைந்த கார் ஒவ்வொரு மேட்டிலும் அந்த நூறு கிலோவுக்கான பெற்றோலை மிச்சப்படுத்தும்.

எடை குறைந்தால் மட்டும் போதுமா? மச்சானின் காரும் எடை குறைந்ததுதான். அங்கேதான் வலுவின் கணக்கு வருகிறது. பதுளை–அப்புத்தளை வீதியின் சராசரி ஏற்றம் நூற்றுக்கு இரண்டு மீட்டர் கூட இல்லை. தோட்டப் பாதையில் நூற்றுக்குப் பத்து, சில முடக்குகளில் அதையும் தாண்டும். நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் அதே சுமையோடு மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போக, டயரின் இழுப்பையும் சேர்த்து 12 கிலோவாட் வேண்டும். 800 சீசீ ஆல்ட்டோவின் எஞ்சினுக்கு உச்ச வலு சுமார் 35 கிலோவாட். தாராளமாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் அந்த 35 கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 தடவை சுற்றும்போது. 2,000 சுற்றில் கிடைப்பது அதில் மூன்றில் ஒன்று, ஏறத்தாழ 12.

அதிலும் ஒரு வெட்டு விழும். அப்புத்தளை உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எரிவதும் குறையும். டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் அதே அளவு இறங்கும். வேண்டியது 12, கையில் 11க்கும் குறைவு. வண்டி திணறி நிற்பது இப்படித்தான். கியரை இறக்கி, எஞ்சினைக் கூடுதல் சுற்றில் வைத்துப் போனால் ஏறிவிடும். வளைவு வரும்வரை பெரிய கியரில் போய், வளைவில் அரைக் கிளச்சில் இழுத்தால் தட்டு கருகும். மச்சான் செய்தது அதுதான். ஒரு மாதத்தில் அவருக்குக் கை பழகிவிட்டது, ஆனால் ஐந்து பேரை ஏற்றினால் இன்றைக்கும் முதல் கியர்தான்.

அதனால் ஷோரூமில் உச்சக் குதிரைவலுவைக் கேட்பதைவிட, அதிகபட்ச முறுக்குவிசை எத்தனை சுற்றில் வருகிறது என்று கேளுங்கள். குறைந்த சுற்றில் வந்தால் மலைக்கு நல்லது. 660 சீசீ ஜப்பான் கார்களில் டர்போ உள்ளதும் இல்லாததும் வருகின்றன. அங்கே 64 குதிரைவலுவுக்கு மேல் தயாரிப்பாளர்கள் போவதில்லை. டர்போ இல்லாதவை அதற்கும் வெகு கீழே. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்று போல இருக்கும்.

இன்னொன்று, சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றை முன் சக்கரம் இழுக்கிறது. மேட்டில் எடை பின்னால் சாய்வதால் முன் சக்கரத்தின் பிடி தளரும். மழையில் பாசி படிந்த கொங்கிரீட்டில் சக்கரம் வெறுமனே சுழல்வதை நம் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. அடித்தளத்தின் உயரத்தையும் கேளுங்கள். ஆல்ட்டோவுக்கு 160 மில்லிமீட்டர், முன்பு வந்த டாட்டா நானோவுக்கு 180. ஆட்களை ஏற்றினால் அதுவும் தாழும்.

ஏறுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். உயிர் போவது இறங்கும்போது. அப்புத்தளையிலிருந்து பெரகல, கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினால் 1,200 மீட்டருக்கு மேல் பள்ளம். ஏறும்போது பெற்றோல் கொடுத்து வாங்கிய ஆற்றல் இறங்கும்போது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஏறத்தாழ பாதி டயரிலும் காற்றிலும் கழிந்தாலும், மிச்சம் 60 இலட்சம் ஜூல். அதைக் கொண்டு 20 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அத்தனை வெப்பமும் நாலு பிரேக்குக்குள் இறங்கினால் என்ன ஆகும்? பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140ஆக இறங்கிவிடுகிறது. குழாய்க்குள் எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். மிதி தரைவரை போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் எண்ணெய் மாற்றுவதை மலைநாட்டில் யாரும் தள்ளிப்போடக் கூடாது.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லொறி டிரைவர்கள் சொல்வது சரியான இயற்பியல். பெற்றோல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் விடுவது ஆபத்து, மிச்சமும் ஆகாது. கியரில் வைத்து அக்சலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின் பெற்றோலை முற்றாக நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் செலவாகும்.

ஹைபிரிட்டும் மின்சாரக் காரும் இந்த இறக்கத்து ஆற்றலைப் பற்றரியில் சேமிக்கின்றன. மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை கிடையாது. ஆனால் பற்றரியின் அளவைப் பாருங்கள். வெல்லவாய இறக்கத்தில் மிஞ்சும் ஆற்றல் ஏறத்தாழ 1.6 அலகு மின்சாரம். டொயோட்டா அக்குவாவின் பழைய பற்றரி முழுவதுமே ஒரு அலகுக்குள்தான். வேகன் ஆரில் இருப்பது அதைவிடப் பன்மடங்கு சிறியது. நீண்ட இறக்கத்தில் தொடக்கத்திலேயே நிரம்பிவிடும். முழுவதையும் வாங்கிக்கொள்ள மின்சாரக் காரால்தான் முடியும், அதுவும் மலை உச்சியில் முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பாமல் இருந்தால்.

காசுக் கணக்கில் ஹைபிரிட் எப்படி? மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், சாதாரணக் கார் 14 கிலோமீட்டர், ஹைபிரிட் 18, பெற்றோல் லீட்டர் 300 ரூபா என்று வையுங்கள். மாத மிச்சம் 4,800 ரூபாவுக்குள். ஹைபிரிட்டுக்குப் பத்து இலட்சம் கூடக் கொடுத்து, அதையும் 14 சதவீத வட்டிக்கு ஐந்து வருடக் கடனாக வாங்கினால், மாதத் தவணை மட்டும் 23,270. பெற்றோல் மிச்சத்துக்காக என்று சொல்லி இந்தக் கடனை வாங்காதீர்கள்.

வட்டிக்கு வருவோம். லீசிங் கேட்கப் போகும் எல்லாரையும் போல மச்சானும் "லட்சத்துக்கு எவ்வளவு?" என்றே கேட்டார். நல்ல கேள்வி, ஏனென்றால் சதவீதத்தில் மறைவது இதில் வெளிவந்துவிடும். கார் 60 இலட்சம் என்று வைப்போம். மத்திய வங்கி கார்களுக்கான கடன் எல்லையை 2025 ஜூலையில் விலையில் 60 சதவீதம் என்று வைத்து, அதே ஆண்டு நவம்பரில் 50ஆக இறக்கியது. அப்படியானால் கையில் 30 இலட்சம், கடன் 30 இலட்சம்.

14 சதவீதம், ஐந்து வருடம். குறைந்து வரும் மீதிக்கு வட்டி போட்டால் மாதம் 69,805 ரூபா, லட்சத்துக்கு 2,327. மொத்த வட்டி சுமார் 11 இலட்சத்து 88 ஆயிரம். அதே 14 சதவீதத்தைப் பிளாட் ரேட்டாகப் போட்டால், நீங்கள் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு 30 இலட்சத்துக்கும் வட்டி விழும். மாதம் 85,000, லட்சத்துக்கு 2,833. மொத்த வட்டி 21 இலட்சம். குறையும் மீதி முறையில் சொன்னால் அது வருடத்துக்கு 23 சதவீதத்துக்கும் மேல். பெயர் ஒன்று, எண் ஒன்று, வித்தியாசம் ஒன்பது இலட்சம்.

தவணை குறைய வேண்டும் என்று ஏழு வருடமாக நீட்டச் சொல்பவர்களும் உண்டு. குறையும் மீதி முறையில் மாதம் 56,220 ஆகும். கைக்குச் சுகம்தான். ஆனால் மொத்த வட்டி ஐந்து இலட்சத்து 34 ஆயிரம் கூடிவிடும். அத்தோடு முழுக் காப்புறுதி, டயர், சர்வீஸ் எல்லாம் தவணைக்கு வெளியே.

இந்த எண்களை நம் லயத்துக் கூரையின் கீழ் வைத்துப் பாருங்கள். 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தபடி, வருகைக் கொடுப்பனவோடு நாள் சம்பளம் 1,750 கிடைத்தாலும் 25 நாள் பெயர் விழுந்தால் 43,750. நான் மேலே சொன்ன தவணை அதில் ஒன்றரைப் பங்குக்கும் அதிகம். கார் வாங்குவது தோட்டத்திலிருந்து படித்து வந்த ஆசிரியரும், தாதியும், பதுளையில் கடை வைத்திருப்பவரும், வெளிநாட்டில் பிள்ளை உள்ள குடும்பமும்தான். அவர்கள் ஆசைப்படுவதில் தப்பில்லை. இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலி வந்த மகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ தேடி அலைந்தவர்களுக்குத்தான் கார் எதற்கு என்று தெரியும்.

அதனால்தான் கேட்கிறேன். ஓட்டிப் பார்க்கும் காரை நகரத்துக்குள் ஒரு சுற்று விட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். வீட்டார் எல்லாரையும் ஏற்றி, உங்கள் தோட்டத்தின் ஆகச் செங்குத்தான முடக்கில் நிறுத்தி, அங்கிருந்து கிளம்பிப் பாருங்கள். விட மறுத்தால் வேறு இடம் பாருங்கள். கையெழுத்துக்கு முன், மாதாமாதம் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் அட்டவணையைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டியே கடனை முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கம்பனியோடு தீராத சிக்கல் வந்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் முறையிடலாம்.

முற்பணம் போதவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். முப்பது வருடம் கொழுந்து பறித்த தாயின் ஈ.பி.எஃப். பணத்தை மட்டும் காருக்கு முற்பணமாகக் கட்டிவிடாதீர்கள்.